கோடையில் பாதையை மூடும் ரயில்வே நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே நிர்வாகப் பொறுப்பாளர்களுக்கும், மாற்றுப் பேருந்துகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும்,

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் எங்கள் வழித்தடத்தை இந்தக் கோடையிலும் ஆறு வாரங்கள் முழுமையாக மூடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். பாதை மூடப்படும் நாளும் மீண்டும் திறக்கப்படும் நாளும் அந்த அறிவிப்பில் இருக்கின்றன. எந்தப் பகுதியில் தண்டவாளம் மாற்றப்படும், எந்தப் பாலம் வலுப்படுத்தப்படும் என்ற விவரங்களும் இருக்கின்றன. பயணிகளுக்கென்று இருப்பது ஒரே ஒரு வரி: மாற்றுப் பேருந்துகள் இயக்கப்படும். அந்தப் பேருந்து எங்கிருந்து, எத்தனை மணிக்குப் புறப்படும், மறுமுனையில் எந்த ரயிலைப் பிடிக்கலாம், சக்கர நாற்காலியில் வருபவர் அதில் ஏற முடியுமா என்பனவெல்லாம் பின்னர் அறிவிக்கப்படுமாம். ஆனால் அதே ஆறு வாரங்களுக்கான பயணச்சீட்டுகளை நீங்கள் இப்போதே விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த முரண்தான் என்னை இம்மடலை எழுத வைத்தது.

பாதையை மூடிப் பணி செய்வதை நான் எதிர்க்கவில்லை. பழைய ஜல்லியை அகற்றிப் புதிதாக நிரப்புவதற்கும், தண்டவாளங்களைப் பற்றவைப்பதற்கும், சிக்னல் வடங்களை மாற்றுவதற்கும் இரவில் கிடைக்கும் சில மணி நேரம் போதாது என்பதை அறிவேன். இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, விடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துப் பாதையைத் திரும்ப ஒப்படைப்பதற்கே அந்த நேரத்தின் பெரும்பகுதி போய்விடும். பாரிஸ் நகரின் ஆர்.இ.ஆர். ஏ என்ற புறநகர் விரைவு ரயில் வழித்தடம் நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளைச் சுமப்பது. அதன் மையப் பகுதியையே 2015-ஆம் ஆண்டு ஜூலை இறுதி முதல் நான்கு வாரங்கள் மூடித்தான் தண்டவாளத்தையும் ஜல்லியையும் மாற்றத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த கோடைகளிலும் பணி தொடர்ந்தது. பராமரிக்கப்படாத பாதையில் ரயில்கள் வேகம் குறைந்து ஊர்ந்து செல்வதைவிட, சில வாரங்கள் மூடிச் செம்மையாகச் செய்துமுடிப்பது மேல் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது.

கோடையைத் தேர்ந்தெடுப்பதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளிகளுக்கு விடுமுறை, அலுவலகம் செல்வோர் குறைவு, ஆகவே பாதிக்கப்படுவோர் குறைவு என்கிறீர்கள். எண்ணிக்கை குறைவது உண்மை. ஆனால் யார் குறைகிறார்கள், யார் எஞ்சுகிறார்கள் என்பதை உங்கள் திட்டம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோடையில் குறைகிறவர்கள், கையில் ஒரு பையோடு தினமும் ஒரே ரயிலில் வந்து, கண்ணை மூடிக்கொண்டும் வழி கண்டுபிடிக்கக்கூடிய அன்றாடப் பயணிகள். எஞ்சுகிறவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை நெடுந்தூரம் போகிற குடும்பங்கள், பெட்டிகளோடும் குழந்தை வண்டியோடும் வருகிறவர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் முதியவர்கள், மிதிவண்டியோடு கிளம்பும் இளைஞர்கள், அந்த ஊரின் மொழியே தெரியாத வெளியூர்க்காரர்கள். இவர்களின் பயணம் ஒரு ரயிலோடு முடிவதில்லை. இரண்டு மூன்று இணைப்புகளைச் சார்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்று அறுந்தால் இரவு தங்க இடம் தேட வேண்டியிருக்கும், விமானமோ கப்பலோ தவறிப்போகும். மாற்றுப் பேருந்தால் மிகக் குறைவாகத் துன்பப்படக்கூடியவர்கள் விடுப்பில் இருக்கும் காலத்தில், மிக அதிகமாகத் துன்பப்படக்கூடியவர்களை அதில் ஏற்றுகிறீர்கள். கோடையில் மூடுவதுதான் சரி என்றால், அந்தக் கோடைப் பயணியை மனத்தில் வைத்தல்லவா பேருந்து ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும்?

சென்ற கோடையில் முதுமையில் இருக்கும் என் தாயாரை அழைத்துக்கொண்டு இதே வழித்தடத்தில் பயணம் செய்தேன். உள்ளூர் ரயில், அதன்பின் மூடப்பட்ட பகுதிக்கு மாற்றுப் பேருந்து, அதன்பின் தொலைதூர ரயில் என்று மூன்று கட்டங்கள். ஒரே பயணமாகத்தான் உங்கள் செயலி அதைக் காட்டியது; ஒரே கட்டணமாகத்தான் பணமும் வாங்கியது. பேருந்திலிருந்து தொலைதூர ரயிலுக்கு மாற அது எட்டு நிமிடங்கள் ஒதுக்கியிருந்தது. ஒரு நடைமேடையிலிருந்து எதிர் நடைமேடைக்குப் போக எட்டு நிமிடங்கள் தாராளம். பேருந்து எங்களை இறக்கிவிட்ட இடமோ நிலையத்தின் பின்புறம், சரக்கு முனையத்துக்கு அப்பால் இருந்த ஒரு சாலை. நிலையத்துக்குப் போகும் வழியைக் காட்டும் பலகை ஒன்றுகூட அங்கே இல்லை. முன்னால் போன கூட்டத்தைப் பின்தொடர்ந்து சுரங்கப்பாதையை அடைந்தால், நடைமேடைக்கு ஏறும் மின்தூக்கி இயங்கவில்லை. அதே பராமரிப்புப் பணிக்காக அதையும் நிறுத்தியிருந்தார்கள். கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறிய என் தாயாரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது தொலைதூர ரயில் போய்விட்டிருந்தது.

மின்தூக்கி இயங்கியிருந்தாலும் அந்த ரயிலைப் பிடித்திருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் பேருந்தே தாமதமாகத்தான் வந்தது. வேறு பகுதியிலிருந்து ஒப்பந்தத்தில் அழைத்துவரப்பட்டிருந்த ஓட்டுநர், இடையில் இருந்த ஒரு நிலையத்துக்குத் திரும்பும் வழியைத் தவறவிட்டுப் பயணிகளிடமே வழி கேட்டார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த தாளில் நிலையங்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. பேருந்து எந்தத் தெருவில், எந்த முனையில் நிற்க வேண்டும் என்று அதில் இல்லை. ரயில் ஓட்டுநர் ஒருவரைப் பழக்கமில்லாத பாதையில் நீங்கள் ஒருபோதும் இயக்க விடுவதில்லை. முன்னதாகவே அந்தப் பாதையைக் கற்றுத் தேர்ச்சி பெறச் சொல்கிறீர்கள். அதே பயணிகள் பேருந்தில் ஏறியவுடன் அந்த அக்கறை எங்கே போகிறது?

உதவி மையத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட பதில்தான் அன்றைய பயணத்தில் என்னை மிகவும் வருத்தியது. எங்கள் சீட்டு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லுபடியாகும் வகையைச் சேர்ந்தது. பேருந்தை இயக்குவது வேறு நிறுவனம். ஆகவே பேருந்தின் தாமதத்தை ரயிலின் தாமதமாகக் கணக்கில் கொள்ள இயலாது என்றார்கள். விற்கும்போது ஒன்றாக இருந்த பயணம், தவறு நேர்ந்ததும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பேருந்து ஏற்பாட்டை நான் செய்யவில்லை. என் பாதையை மூடிவிட்டு நீங்கள் செய்தது.

ஒரு பயணியின் மனக்குறையை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் பேசுவதாக நீங்கள் நினைக்கலாம். வேறு இடங்களில் நடந்தவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட்டுக்கும் மன்ஹைமுக்கும் இடையிலான ரீட்பான் வழித்தடம், சுமார் 70 கிலோமீட்டர், 2024 ஜூலை 15 முதல் டிசம்பர் 14 வரை முழுமையாக மூடப்பட்டது. அந்த மூடலுக்காகவே ஏறத்தாழ 150 பேருந்துகளைத் தனியாக ஏற்பாடு செய்தார்கள். தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும்படி அவற்றுக்கு ஊதா நிறம் கொடுத்தார்கள். ஓட்டுநர்களையும் தனியே திரட்டினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் மூன்று வாரங்கள் பாதையை மூடி முன்னோட்டமும் பார்த்துக்கொண்டார்கள். அங்கும் பயணிகளுக்குக் கூடுதல் நேரம் ஆனது, குறைகளும் இருந்திருக்கும். ஆனால் பேருந்தை ரயில் சேவையின் ஒரு பகுதியாகக் கருதித் திட்டமிடுவது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்கு அது சான்று.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2022-இல் ஆரஞ்சு என்ற மெட்ரோ ரயில் வழித்தடத்தை ஆகஸ்ட் 19 இரவு முதல் முப்பது நாட்கள் மூடப்போவதாக ஆகஸ்ட் 3 அன்றுதான் அறிவித்தார்கள். நகரத்தின் முதுகெலும்பான ஒரு பாதையின் பயணிகளுக்குக் கிடைத்த அவகாசம் பதினாறு நாட்கள். அவசரம் இருந்திருக்கலாம்; என்றாலும் அங்கேகூட மாற்றுப் பேருந்துகளைக் கட்டணமின்றி இயக்கினார்கள், இணையாகச் செல்லும் புறநகர் ரயில்களிலும் பயண அட்டையைக் காட்டி ஏறிக்கொள்ள அனுமதித்தார்கள். உங்களுக்கோ அத்தகைய அவசரம் ஏதும் இல்லை. தென்மேற்கு ஜெர்மனியின் ராஸ்டாட்டில் 2017 ஆகஸ்ட் 12 அன்று நடந்ததுபோல், சுரங்கம் தோண்டும் இடத்தில் திடீரெனத் தண்டவாளம் உள்வாங்கி, அக்டோபர் தொடக்கம் வரை பாதை மூடிக்கிடந்திருந்தால், பேருந்தைத் தேடிக்கொண்டு ஓடியதற்கு மன்னிப்பு உண்டு. எங்கள் பாதையில் நீங்கள் செய்யப்போவது நெடுநாள் முன்பே முடிவான பணி.

அது எவ்வளவு முன்பே முடிவாகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். ரயில்வே பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012/34 உத்தரவில், 2017-இல் திருத்தப்பட்ட ஏழாம் பின்னிணைப்பின்படி, தொடர்ந்து ஏழு நாட்களுக்கு மேல் நீடித்து, நாளொன்றின் போக்குவரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ரத்து செய்யவோ திருப்பிவிடவோ பேருந்துக்கு மாற்றவோ வேண்டியிருக்கும் மூடல்களை, அவை இடம்பெறும் கால அட்டவணை நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது 24 மாதங்களுக்கு முன்பு முதன்முறையாகவும், 12 மாதங்களுக்கு முன்பு திருத்திய வடிவிலும் பாதை நிர்வாகம் வெளியிட வேண்டும். ரயில்களை இயக்கும் நிறுவனங்களுக்கும் சரக்கு அனுப்புவோருக்கும் இந்த அவகாசம் தேவை என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது, அது நியாயமானதும்கூட. சரக்குப் பெட்டி எந்த வழியாகப் போகும் என்பதை ஓராண்டுக்கு முன்பே சொல்ல முடிகிற துறையில், பயணி எந்தத் தெருவில் நின்று பேருந்து ஏற வேண்டும் என்பதை மட்டும் ஏன் கடைசி வாரம் வரை சொல்ல முடிவதில்லை?

கணக்கையும் சற்றுப் பாருங்கள். 200 மீட்டர் நீளமுள்ள ஒரு ரயிலில் ஏறக்குறைய 400 பேர் உட்காரலாம். ஒரு சாதாரணப் பேருந்தில் ஐம்பது பேர். ஆக, நிரம்பிய ஒரு ரயில் வந்து நின்றதும் எட்டுப் பேருந்துகள் தயாராக இருக்க வேண்டும். ரயிலில் பத்துப் பதினைந்து கதவுகள் வழியாக ஓரிரு நிமிடங்களில் இறங்கிவிடும் கூட்டம், பேருந்தில் ஒன்றிரண்டு கதவுகள் வழியாக, பெட்டிகளை அடியில் வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டும். அட்டவணையில் ரயில் 10:00 மணிக்கு வரும், பேருந்து 10:10-க்குப் புறப்படும் என்று எழுதுகிறவர் இந்தக் காட்சியை ஒருமுறையாவது நேரில் நின்று பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். சென்ற ஆண்டு நாங்கள் ஏறியபோது வந்திருந்தவை இரண்டே பேருந்துகள். இடம் கிடைக்காதவர்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த பேருந்து எப்போது வரும் என்று சொல்ல அங்கே நிர்வாகத்தின் சார்பில் ஒருவரும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி இருந்தார். வந்த இரண்டு பேருந்துகளுமே உயரமான படிகளைக் கொண்ட சுற்றுலாப் பேருந்துகள். சாய்தளம் உள்ள வண்டி வேண்டுமென்றால் இரண்டு நாட்களுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்று ஓட்டுநர் தமக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னார். அந்தப் பெண்மணி வழக்கமாகப் பயணிக்கும் ரயிலில் அத்தகைய முன்பதிவு எதுவும் தேவைப்பட்டதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, போக்குவரத்தை மற்றவர்களுக்குச் சமமாக அணுகும் உரிமையைப் பேசுகிறது. பராமரிப்புப் பணி நடக்கும் வாரங்களுக்கு அந்த உரிமையில் விடுப்பு எதுவும் எழுதப்படவில்லை. நாங்கள் ஏறிப் போனோம். அவர் அங்கேயே நின்றார். அன்று என் தாயார் வழி முழுவதும் அந்தப் பெண்மணியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

மிதிவண்டிகளைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. ஏற்றலாமா கூடாதா என்பதை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது முறையல்ல. முடியாது என்றால் முடியாது என்று சீட்டு விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இழப்பீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கும் ரயில் பயணிகளின் உரிமைகள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 விதிமுறைப்படி, சேருமிடத்தை அடைய 60 முதல் 119 நிமிடங்கள் வரை தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடங்களோ அதற்கு மேலோ தாமதமானால் 50 சதவீதமும் பயணிக்குச் சேர வேண்டும். அதே விதிமுறையில், சீட்டு வாங்குவதற்கு முன்பே தாமதம் பற்றிப் பயணிக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால் இழப்பீடு கோர முடியாது என்றும் இருக்கிறது. தெரிந்தே வாங்கியவர் பிறகு குறை சொல்ல முடியாது என்பது புரிந்துகொள்ளக்கூடிய ஏற்பாடுதான். ஆனால் அந்த விலக்கின் உயிர் 'தெரிவிக்கப்பட்டிருந்தால்' என்ற சொல்லில் இருக்கிறது. பேருந்தின் நேரத்தையே வெளியிடாமல் சீட்டை விற்றுவிட்டு, பின்னர் பாதை மூடப்படுவதை முன்பே அறிவித்தோம் என்று சொல்வது தெரிவித்தல் ஆகாது. ஒன்றரை மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமாகும் என்று விற்கும் திரையிலேயே சொல்லப்பட்டிருந்தால், நான் வேறு நாளைத் தேர்ந்தெடுத்திருப்பேன், அல்லது வேறு வழியாகச் சுற்றிப் போயிருப்பேன். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அந்த வாய்ப்பு எனக்குத் தரப்படவில்லை.

சுற்றுவழி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாம்பர்க்குக்கும் பெர்லினுக்கும் இடையிலான சுமார் 280 கிலோமீட்டர் பாதை 2025 ஆகஸ்ட் 1 அன்று ஒன்பது மாதத் திட்டத்தோடு மூடப்பட்டபோது, தொலைதூர ரயில்களை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். பயணம் முக்கால் மணி நேரமளவு நீண்டது; ஆனால் ஏறிய இருக்கையிலிருந்து பயணி எழ வேண்டியிருக்கவில்லை. வயதானவர்களோடும் பெட்டிகளோடும் செல்பவருக்கு, இரண்டு முறை இறங்கி ஏறுவதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல். எங்கள் வழித்தடத்துக்கும் அப்படி ஒரு சுற்றுப்பாதை உண்டு. அந்தப் பாதையிலும் இதே கோடையில் இரண்டு வாரங்கள் பணி நடக்கப்போவதாக உங்கள் இன்னொரு அறிவிப்பு சொல்கிறது. இரண்டு அறிவிப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் உங்கள் அலுவலகத்தில் ஒருவரேனும் இருந்தாரா?

ஆகவே இந்த மூடல் தொடங்கும் முன் பின்வருவனவற்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பேருந்தின் நேரம், புறப்படும் இடம், இறங்கும் இடம், அங்கிருந்து நடைமேடை வரையிலான வழி ஆகியவற்றை மூடல் தொடங்க எட்டு வாரங்களுக்கு முன்பாவது வெளியிடுங்கள். அவை வெளியாகும்வரை அந்த வாரங்களுக்கான, குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் சீட்டுகளை விற்பதை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே விற்றவற்றை எந்த ரயிலிலும் பயன்படுத்தலாம் என்றும், வேண்டாம் என்பவருக்கு முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்றும் இப்போதே அறிவியுங்கள்.

பேருந்துக்கும் ரயிலுக்கும் இடையில் மாறும் நேரத்தைக் கணினி தானாக நிரப்ப விடாதீர்கள். கைத்தடியோடு நடக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு நிலையத்திலும் அந்தத் தொலைவை நடந்து பார்த்து, அதற்கு ஆகும் நேரத்தை அட்டவணையில் எழுதட்டும். மூடல் நடக்கும் நாட்களில் அந்த நிலையங்களின் மின்தூக்கிகளை நிறுத்தும் பணி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைய கடைசி இணைப்பு ரயில், பேருந்து வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எழுத்துபூர்வமாக உத்தரவிடுங்கள். காத்திருக்க இயலாத நிலையில், தங்குமிடத்துக்கோ வாடகை வாகனத்துக்கோ ஆகும் செலவை நிர்வாகமே ஏற்க வேண்டும். பேருந்தை எந்த நிறுவனம் இயக்கினாலும் அதன் தாமதம் உங்கள் தாமதமே என்பதைப் பயண நிபந்தனைகளில் ஒரு வரியாகச் சேருங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது ஒரு பேருந்தாவது தாழ்தள வண்டியாக, முன்பதிவு கேட்காமல் சக்கர நாற்காலியை ஏற்றிக்கொள்வதாக இருக்க வேண்டும். முதல் பேருந்து கிளம்புவதிலிருந்து கடைசிப் பேருந்து வந்து சேரும்வரை, இரு முனைகளிலும் உங்கள் பணியாளர் ஒருவர் நிற்க வேண்டும். இன்னொரு வண்டி தேவை என்றால் அதை அழைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். ஓட்டுநர்களுக்கு நிறுத்தங்கள் குறிக்கப்பட்ட வரைபடம் கொடுத்து, பயணிகளை ஏற்றுவதற்கு முன் ஒருமுறையாவது அந்த வழியில் ஓட்டிப் பார்க்கச் செய்யுங்கள்.

சுற்றுப்பாதையில் திட்டமிட்டிருக்கும் இரண்டு வாரப் பணியை இந்த மூடல் முடிந்த பின்னர் வைத்துக்கொண்டு, தொலைதூர ரயில்களை அவ்வழியே திருப்பிவிடுங்கள். அது இயலாது என்றால் ஏன் இயலாது என்பதைப் பொதுவெளியில் விளக்குங்கள்.

பாதை திறக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள், எத்தனை பேருந்துகள் குறித்த நேரத்தில் சென்றன, எத்தனை இணைப்புகள் தவறின, எத்தனை பேர் ஏற முடியாமல் விடப்பட்டார்கள் என்ற விவரத்தை வெளியிடுங்கள். அடுத்த மூடலுக்கான திட்டத்தை அந்த விவரத்தைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை என்பதை, மூடல் தொடங்குவதற்கு முன்பே அனைத்துப் பயணிகளும் படிக்கும் வகையில் அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இந்த வழித்தடத்தில் பயணம் செய்யும் ஒருவர்